ஊருக்கு ஒவ்வாத கோலம்: பதின்பருவ அடையாளமும் துணைப்பண்பாடுகளும்

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒருவர் தன் முடியை, உடையை, கேட்கும் பாட்டை, பேசும் கொச்சையைத் தானே தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறார். அதுவரை வீட்டில் எடுத்துக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை ஒரு நாள் அதை மறுக்கிறது. மறுத்த கையோடு, அதே மாதிரி மறுத்த வேறு சிலரைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. இப்படிச் சேர்ந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு கோலம், ஓர் இசை, கூடும் இடம், எது மதிப்பு எது கேவலம் என்பதில் ஒரு கணக்கு என்று வகுத்துக்கொண்டால், சமூகவியல் அதைத் துணைப்பண்பாடு என்கிறது. 1950கள் முதல் பிரிட்டனில் தோன்றிய டெடி பாய், மாட்ஸ், ஸ்கின்ஹெட், பங்க், கோத் ஆகிய குழுக்களை முன்வைத்தே இந்தப் பொருள் மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அறிஞர்களின் பெரிய சண்டைகளும் அந்தக் குழுக்களைப் பற்றியவைதான்.

வளரிளம் பருவத்தைத் தனியொரு பருவமாக ஆராயத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூல், இப்பருவம் இயல்பிலேயே புயலும் கொந்தளிப்பும் நிறைந்தது என்று வாதிட்டது. சமோவாத் தீவின் பெண்பிள்ளைகளைப் பற்றி 1928இல் எழுதிய மானிடவியலாளர் மார்கரெட் மீட், அந்தக் கொந்தளிப்பு உடம்பிலிருந்து வருவதல்ல, வளர்க்கும் சமூகத்திலிருந்து வருவது என்றார். அவருடைய களப்பணி பிழையானது என்று டெரெக் ஃப்ரீமன் 1983இல் கடுமையாக எழுதினார். அந்த வழக்கு மானிடவியலாளர்களிடையே இன்றுவரை முற்றாகத் தீரவில்லை. இருந்தாலும் பருவக் கோளாறு என்று சொல்லி முடித்துவிட முடியாது என்ற அளவுக்கு மீட் வென்றுவிட்டார்.

அடையாளம் என்ற சிக்கலை இப்பருவத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் எரிக் எரிக்சன். அவருடைய கோட்பாட்டுக்கு அவர் வாழ்க்கையே ஓர் உரை. 1902இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தாயின் இரண்டாவது கணவருடைய குடும்பப் பெயரான ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக நெடுநெடுவென்று நின்ற பையனை யூதர்களின் தொழுகைக்கூடத்தில் வேற்றாளாகப் பார்த்தார்கள். பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கினார்கள். அமெரிக்கக் குடிமகன் ஆனபோது எரிக்சன் என்ற பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த அவர், ஐந்தாவதான வளரிளம் பருவத்தின் வேலை ‘நான் யார்’ என்பதைத் தீர்த்துக்கொள்வதுதான் என்றார். அதைத் தீர்க்கச் சமூகம் ஓர் அவகாசம் தரவேண்டும். அந்த அவகாசத்தில் பிள்ளைகள் பல வேடங்களைப் போட்டுப் பார்த்துக் கழற்றலாம். துணைப்பண்பாடுகளைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள கருத்து வேறில்லை. 1966இல் ஜேம்ஸ் மார்சியா இதை விரித்து, தேடாமலே பெற்றோர் தந்த அடையாளத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதும் ஒரு நிலை, தேடிக்கொண்டே இருப்பதும் ஒரு நிலை என்று வகுத்தார். அடங்கிய பிள்ளை முதிர்ந்த பிள்ளை என்ற பொதுப் புத்திக்கு இது நேர் எதிரானது.

தேடல் ஏன் கூட்டத்தோடு நடக்கிறது? சமூக உளவியலாளர் மெரிலின் புரூவர் 1991இல் முன்வைத்த விளக்கம் எளிமையானது. பிறரிடமிருந்து வேறுபடவும் வேண்டும், பிறரோடு ஒன்றவும் வேண்டும். இரண்டில் ஒன்று கூடினால் மற்றது உறுத்தும். முழு ஊரோடு ஒன்றினால் தான் காணாமல் போய்விடுகிறோம் என்ற அச்சம், முற்றிலும் தனித்தால் யாருமில்லை என்ற அச்சம். ஊரிலிருந்து தெளிவாக வேறுபட்டு, தனக்குள் நெருங்கி நிற்கும் சிறிய குழு இரண்டையும் ஒரே சமயத்தில் தணிக்கிறது. பங்க் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள், இதில் என்ன தனித்துவம் என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்த ஒரே மாதிரித் தோற்றத்தில்தான் குழுவின் பயனே இருக்கிறது என்பது இந்த விளக்கத்தின் விடை.

சகாக்களின் பிடி இப்பருவத்தில் எவ்வளவு வலுவானது என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் கார் ஓட்டும் விளையாட்டைப் பதின்பருவத்தினர், இளைஞர்கள், வயது வந்தவர்கள் ஆகியோர் தனியாகவும் சம வயதினர் முன்னிலையிலும் ஆடினார்கள். தனியாக ஆடியபோது வயதுக்கு வயது வேறுபாடு அதிகமில்லை. சகாக்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்பருவத்தினர் எடுத்த ஆபத்து வெகுவாக ஏறியது; பெரியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. இந்த முடிவு நல்லதுக்கும் பொல்லாததுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மன இயல்பு எக்காலத்துக்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் அது தனி உடையாகவும் தனி இசையாகவும் வெளிப்படக் கையில் காசும் பொழுதும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரிட்டன் இரண்டையும் கொடுத்தது. 1947இல் பள்ளியை விட்டு வெளியேறும் வயது 15 ஆக்கப்பட்டது. வெளியே வந்த பிள்ளைகளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆண்பிள்ளைகளைக் கட்டாய ராணுவ சேவை 18 வயதில் கூப்பிடும் வரை இடையில் சில ஆண்டுகள் சம்பளத்தோடு கழிந்தன. துணிக்கான பங்கீடு 1949இல் முடிந்தது. இந்த இடைவெளியில் முளைத்தவர்கள்தான் டெடி பாய்கள். போர் முடிந்ததும் லண்டனின் மேட்டுக்குடித் தையற்கடைகள் எட்வர்ட் மன்னர் காலத்துப் பாணியை மீட்டுப் பணக்கார வாலிபர்களுக்குத் தைத்துக் கொடுத்தன. தென் லண்டன் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். தொடைவரை நீண்ட கோட்டு, வெல்வெட் காலர், ஒட்டிய கால்சட்டை, தடித்த ரப்பர் அடி கொண்ட காலணி, எண்ணெய் வைத்து முன்னால் உயர்த்திய முடி. தவணையில் பணம் கட்டித் தைத்துக்கொண்ட உடை அது. பையன்கள் அணியத் தொடங்கியதும் கனவான்கள் அதைக் கைவிட்டார்கள். 1953இல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளேடு எட்வர்டியன் என்ற பெயரை டெடி என்று சுருக்கியது. அந்தப் பெயரே நிலைத்தது.

டெடி பாய்களை அப்பாவிகள் என்று சொல்லிவிட முடியாது. 1958 கோடையின் முடிவில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியக் குடியேறிகளைத் துரத்தித் தாக்கிய கும்பல்களில் அவர்களும் இருந்தார்கள். ஒடுக்கப்பட்டோரின் கலகம் என்று துணைப்பண்பாடுகளை வியந்து எழுதும் நூல்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் நடந்தது இத்துறையின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி. கடும் குளிர், மழை. லண்டனிலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. சில கடைக்காரர்கள் பரிமாற மறுக்கிறார்கள் என்று பேச்சுப் பரவியது. சிறு கும்பல்கள் ஒன்றையொன்று சீண்டின, கல்லெறிந்தன, கண்ணாடி உடைந்தது. மறுநாள் நாளேடுகளைப் படித்தவர்களுக்கு ஊரே சூறையாடப்பட்டதாகத் தோன்றியது. இத்தாலிய வெட்டில் கச்சிதமான சூட்டும் வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டரும் மாட்ஸுக்கு. தோல் சட்டையும் கனத்த மோட்டார் சைக்கிளும் ராக்கர்ஸுக்கு. இந்த இரு தரப்பும் ஒன்றுக்கொன்று பிறவிப் பகை என்ற கதை அந்த வாரத்தில்தான் இறுகியது. அதற்கு முன் அவர்களுக்குள் இருந்த பிரிவு அவ்வளவு கூர்மையானதல்ல. அடுத்த விடுமுறையில் மார்கேட், பிரைட்டன் ஊர்களுக்குப் போலீஸும் நிருபர்களும் வேடிக்கை பார்ப்போரும் முன்கூட்டியே வந்து காத்திருந்தார்கள். பிள்ளைகளும் செய்தித்தாளில் படித்த தங்கள் பாத்திரத்தை நடிக்க வந்து சேர்ந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து லண்டனில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டான்லி கோஹன் இதைப் பக்கத்திலிருந்து கவனித்து 1972இல் நூலாக்கினார். ஒரு சமூகம் அவ்வப்போது யாரையாவது பிடித்து ஊர்ப் பிசாசாக நிறுத்துகிறது. செய்தித்தாள் பெரிதாக்குகிறது, ஒழுக்கக் காவலர்கள் மேடையேறுகிறார்கள், நீதிமன்றம் வழக்கத்தைவிடக் கடுமையாகத் தண்டிக்கிறது, அந்தக் கடுமையே அடுத்த சம்பவத்துக்கு விதையாகிறது என்று காட்டினார். ஒழுக்கப் பீதி என்று இன்று வழங்கும் கருத்து இதிலிருந்து பரவியதுதான். மாட்ஸ் விழுங்கிய ஊக்க மாத்திரைகளைக் குறிவைத்து அதே 1964இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. மாத்திரை உண்மை, அதற்கெதிராகச் சட்டம் இயற்றிய வேகத்தில் பீதிக்கும் பங்குண்டு. ஒரு கோலத்தைப் பற்றிய அச்சம் எழும்போதெல்லாம் முதலில் கேட்கவேண்டியது, உண்மையில் நடந்தது என்ன, நடந்ததாகச் சொல்லப்பட்டது என்ன என்பதே. கோஹன் விட்டுச்சென்ற இந்தக் கேள்வி அரை நூற்றாண்டு கழித்தும் தேய்ந்துவிடவில்லை.

1970களில், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் 1964இல் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம், ஸ்டூவர்ட் ஹாலின் தலைமையில், பிள்ளைகளின் உடையையே ஒரு பிரதியாகப் படிக்கத் தொடங்கியது. அதற்கு வழி திறந்தது ஃபில் கோஹன் 1972இல் எழுதிய கட்டுரை. கிழக்கு லண்டனின் பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. பாட்டி வீடு, சித்தி வீடு என்று ஒரே தெருவில் பின்னியிருந்த உறவு அறுந்தது. துறைமுக வேலைகளும் சுருங்கின. பெற்றோர் தலைமுறை தீர்க்க முடியாமல் விட்ட இந்த முரணைப் பிள்ளைகள் கோலத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். வேகமாக முன்னேறும் வர்க்கம் ஆகிவிட்டது போல மாட்ஸ் உடுத்தினார்கள். மறைந்துபோன உழைப்பாளியைப் போல ஸ்கின்ஹெட்டுகள் மொட்டைத் தலையும் தொழிற்சாலைப் பூட்சும் சஸ்பெண்டருமாக நின்றார்கள். வேலையும் வீடும் இதனால் திரும்பி வரவில்லை; தீர்வு கற்பனையில் மட்டுமே என்பதையும் ஃபில் கோஹன் மறைக்கவில்லை.

டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய நூல் இந்தப் பள்ளியின் உச்சம். கைக்குக் கிடைத்த பொருளை அதன் இடத்திலிருந்து பிடுங்கி வேறொரு பொருள் தருவதே துணைப்பண்பாட்டின் வேலை என்று, மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸிடமிருந்து கடன் வாங்கிய கருத்தைக் கொண்டு அவர் விளக்கினார். குழந்தையின் துணியில் குத்தும் ஊக்கு பங்கின் கன்னத்தில் ஏறியது. குப்பைப் பை சட்டையானது. பள்ளிச் சீருடை கிழிந்து, கிறுக்கி, மேடைக்கு வந்தது. 1976 டிசம்பர் முதல் தேதி மாலை நேரத் தொலைக்காட்சியில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்ற பங்க் இசைக்குழுவினர் தொகுப்பாளரோடு கெட்ட வார்த்தை பேசியதும், மறுநாள் நாளேடுகள் கிளாக்டனை மறுபடியும் நடத்திக் காட்டின. ஆனால் பங்கின் உள்ளே நடந்த வேலை வேறு. அதே 1976 கோடையில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற இதழைத் தன் அறையில் தட்டச்சு செய்தார். தலைப்புகளை மார்க்கர் பேனாவால் கையில் எழுதி, நகலெடுத்து, பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்து விற்றார். எழுத்துப் பிழைகள் அடித்துத் திருத்திய கோடுகளோடு அப்படியே போயின. ஓராண்டுக்குள் அந்த இதழ் ஆயிரக்கணக்கில் விற்றது, பிறகு அவரே நிறுத்தினார். அதைப் பார்த்து ஊர் ஊராகப் பிள்ளைகள் இதழ் போட்டார்கள், குழு அமைத்தார்கள், தாங்களே இசைத்தட்டு அச்சிட்டார்கள். சேர்ந்திருப்பதற்கான கட்டணம் எதையாவது செய்துகாட்டுவதுதான் என்றிருந்த இந்தப் பகுதியே துணைப்பண்பாடுகளில் எண்ணிப் போற்றத்தக்கது. ஊக்கும் கிழிசலும் அதன் வெளிப்பூச்சு. அந்த வெளிப்பூச்சைச் சந்தை எவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொண்டது என்பதற்கு, 1977இலேயே ஆடை வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் கிழித்த துணியில் அலங்கார ஊக்குகள் வைத்து விலையுயர்ந்த உடைகளை வெளியிட்டது ஒரு சான்று.

இந்த ஆய்வுகளில் பெண்பிள்ளைகளைக் காணோமே என்று பர்மிங்காம் மையத்துக்குள்ளிருந்தே ஆஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976இல் கேட்டார்கள். தெருவைப் பார்த்தால் தெருவில் திரிய விடப்பட்டவர்கள்தான் தெரிவார்கள். பெண்பிள்ளைகளின் பண்பாடு படுக்கையறையில் நடக்கிறது: இரண்டு மூன்று தோழிகள், சுவரில் படங்கள், பிளேயரில் இசைத்தட்டு, கண்ணாடி முன் முகப்பூச்சுப் பழக்கம். சிறுமையாகத் தோன்றும் இந்த வாழ்க்கைக்கும் வேறுபடவும் ஒன்றவும் வழிதரும் அதே இரட்டை வேலை உண்டு. பங்க் வந்ததும் மேடையின் கதவு சிறிது திறந்தது. ‘எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்’ குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்தவர், பல்லில் கட்டிய கம்பியோடும் கண்ணைப் பறிக்கும் நிற உடையோடும் வந்து நின்றார். இசைத்துறை பாடகியிடம் எதிர்பார்த்த அழகு எதையும் தரமாட்டேன் என்பதே அந்தத் தோற்றத்தின் பேச்சு.

இனம் என்ற கேள்வி எல்லாவற்றையும்விட ஸ்கின்ஹெட் வரலாற்றில் கசப்பாகத் தெரிகிறது. 1960களின் இறுதியில் அவர்கள் ஆடியது ஜமைக்காவின் ஸ்காவுக்கும் ரெகேவுக்கும். உடைநடையிலும் ஜமைக்கா இளைஞர்களின் சாயல் இருந்தது. அதே சமயம் அவர்களில் சிலர் தெற்காசியரைத் தேடித் தேடி அடித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் வேலையின்மை ஏற, ‘நேஷனல் ஃபிரண்ட்’ போன்ற வெள்ளை இனவாதக் கட்சிகள் இந்தப் பையன்களிடம் ஆள் திரட்டின. 1981 ஜூலை 3 அன்று பஞ்சாபியர் நிறைந்த சவுத்தால் என்ற லண்டன் பகுதியின் மதுக்கடை ஒன்றில் ஸ்கின்ஹெட் இசைக்குழுக்கள் பாட வந்தன. வந்த கூட்டத்தில் சிலர் வழியில் கடைகளையும் மக்களையும் தாக்கினார்கள், அப்பகுதி இளைஞர்கள் திரண்டார்கள், இரவில் அந்தக் கடை எரிந்தது. இனவாதத்தை மறுத்த ஸ்கின்ஹெட்டுகளும் இருந்தார்கள். அந்தக் கோலம் தங்களுடையதுதான் என்று வாதாட 1987இல் நியூயார்க்கில் ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். ஒரே பூட்ஸ், ஒரே மொட்டை, நேர் எதிர்ப் பொருள். கோலத்தை வைத்து ஆளின் கொள்கையைப் படிப்பதில் உள்ள ஆபத்து இதில் தெளிவாகிறது.

தெற்காசியப் பிள்ளைகளுக்கு வெளியே இந்த அச்சம், உள்ளே வீட்டின் கண்காணிப்பு. 1980களில் லண்டன், பிராட்ஃபோர்ட், பர்மிங்காம் நகரங்களில் பாங்ரா நடன நிகழ்ச்சிகள் பட்டப்பகலில் நடந்தன. இரவில் வெளியே அனுப்பாத வீட்டுப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், பள்ளிக்கென்று கிளம்பி, சீருடையைப் பைக்குள் திணித்து, கொண்டுவந்த உடையை மாற்றிக்கொண்டு ஆடிவிட்டு, மாலையில் சீருடையோடு வீடு திரும்பினார்கள். ஆங்கிலேயர் மட்டுமே துணைப்பண்பாடு படைத்தார்கள் என்ற எண்ணத்தை இந்தப் பகல் ஆட்டங்கள் கலைக்கின்றன. ஈழத் தமிழருக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. லண்டனில் 1975இல் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரால் 1986இல் அகதியாகத் தென் லண்டனுக்குத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், அங்கே கேட்ட ஹிப்ஹாப்பையும் நடனக்கூட இசையையும் தெருச் சுவரெழுத்துப் பாணியையும் எடுத்துத் தன் குரலாக்கினார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே சூட்டினார்.

1990களில் பர்மிங்காம் அறிஞர்கள்மேல் விமர்சனம் குவிந்தது. கோலத்தை நூலகத்திலிருந்து படித்தார்களே தவிர அணிந்தவரைக் கேட்கவில்லை என்பது முதல் குறை. டேவிட் மகிள்டன் நேரில் போய்க் கேட்டபோது, பலரும் தங்களை எந்தப் பெயருக்குள்ளும் அடைக்க மறுத்தார்கள். சாரா தோர்ன்டன் 1995இல் இரவு நடனக்கூடங்களை ஆராய்ந்து, உள்ளேயும் ஏணி உண்டு என்று காட்டினார்: எந்தப் பாட்டு நேற்றே பழசாகிவிட்டது, யார் அசல், யார் போலி என்று அறிந்தவர்களுக்கு மதிப்பு, அறியாதவர்களுக்கு ஏளனம். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் மஃபெசோலியின் வழி நடந்தவர்கள், இன்றைய பிள்ளைகள் ஒரு குழுவோடு வாழ்ந்து மடிவதில்லை, கூடிக் கலைந்து வேறிடம் போகிறார்கள் என்றனர். இவற்றில் தோர்ன்டன் சொன்னது நிச்சயம் உண்மை; பள்ளியில் ஒதுக்கப்பட்டுத் தப்பி வந்த பிள்ளையை ‘போலி’ என்று இங்கேயும் ஒதுக்கும் கொடுமை எல்லாக் குழுக்களிலும் உண்டு. ஆனால் எல்லாமே கூடிக் கலையும் கூட்டம்தான் என்பதைக் கோத்களின் வரலாறு மறுக்கிறது.

1979இல் ‘பௌஹாஸ்’ குழுவின் முதல் இசைத்தட்டும், 1982இல் லண்டனின் சோஹோவில் திறந்த ‘பேட்கேவ்’ நடனக்கூடமும் கோத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுகின்றன. கறுப்பு உடை, வெளிறிய முகப்பூச்சு, கறுப்பு மை தீட்டிய கண், வெள்ளி நகைகள், சாவையும் துயரத்தையும் வெளிப்படையாகப் பாடும் இசை. பெற்றோரையும் மருத்துவர்களையும் அதிகம் கவலைப்படுத்திய கோலம் இதுதான். 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்தியவர்கள் கோத்கள் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அவர்கள் கோத்கள் அல்லர் என்பது பிறகு தெளிவானது, ஆனால் மறுப்பு செய்தி அளவுக்குப் பரவவில்லை.

உடல்நல ஆய்வுகளைத் தள்ளிவிட முடியாது. ஸ்காட்லாந்தில் 1,258 பிள்ளைகளை 11 வயதிலிருந்து 19 வயது வரை தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வு, தங்களைக் கோத் என்று திடமாகச் சொன்னவர்களிடம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் வழக்கம் மிக அதிகம் என்று கண்டது. அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 3,694 பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வும், 15 வயதில் கோத் அடையாளத்தை வலுவாகக் கொண்டவர்கள் 18 வயதில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. அதற்கு முன்பே அவர்களுக்கு இருந்த மனச்சோர்வையும் பட்ட கேலி கொடுமையையும் கணக்கில் கழித்தபோது தொடர்பு குறைந்தது, முற்றாக மறையவில்லை. கோத் ஆனதால் நோய் வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே வதைபட்ட பிள்ளைகள், துயரத்தைப் பேச இடம் தரும் குழுவை நாடிப் போயிருக்கலாம். அங்கே துயரம் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்திருக்கவும் கூடும். எப்படியிருந்தாலும் கறுப்புச் சட்டையைப் பிடுங்குவது மருந்தாகாது. அந்தச் சட்டையைப் போட்ட பிள்ளையிடம், பள்ளியில் உன்னை யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்பதில்தான் பெற்றோரின் கடமையும் ஆசிரியரின் கடமையும் தொடங்குகின்றன.

வெளியிலிருந்து வரும் வன்முறையும் கற்பனையல்ல. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் என்ற சிற்றூர்ப் பூங்காவில் 20 வயது சோஃபி லங்காஸ்டரும் அவருடைய காதலரும் பதின்பருவப் பையன்களின் கும்பலால் தாக்கப்பட்டார்கள். இருவரும் கோத் கோலத்தில் இருந்தார்கள். முதலில் அடிபட்டு விழுந்த காதலரின் தலையை மடியில் வைத்துக் காத்த சோஃபியையும் கும்பல் மிதித்தது. காதலர் பிழைத்தார், சோஃபி நினைவு திரும்பாமலே இறந்தார். தண்டனை வழங்கிய நீதிபதி இதை வெறுப்புக் குற்றம் என்றார். தாக்கியவர்களும் ஒரு கூட்டம்தான் என்பதை மறக்கலாகாது. சகாக்கள் முன்னால் ஆபத்து எடுப்பது ஏறும் என்று கார் விளையாட்டுச் சோதனை காட்டியதன் கொடிய முகம் அது. சோஃபியின் தாய் தொடங்கிய அறக்கட்டளை பள்ளிகள்தோறும் போய்ப் பேசியது. 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, மாற்றுத் துணைப்பண்பாட்டினர்மீதான தாக்குதலை இன, மத வெறுப்புக் குற்றங்களைப் போலவே தனியாகப் பதிவு செய்யத் தொடங்கியது. வேறு சில காவல்துறைகளும் பின்தொடர்ந்தன.

அரசே கும்பலான வரலாறும் உண்டு. நாஜி ஜெர்மனியில் ஹிட்லர் இளைஞர் அணியை வெறுத்து, தங்கள் பாட்டும் உடையுமாகத் திரிந்த எடல்வைஸ் கொள்ளையர் என்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வேட்டையாடப்பட்டார்கள். 1944 நவம்பர் 10 அன்று கொலோன் நகரில் விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்ட 13 பேரில் பதின்பருவத்தினரும் இருந்தார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் 2011 டிசம்பரில் இசைநிகழ்ச்சி ஒன்றுக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட பங்க் பிள்ளைகளைப் போலீஸ் பிடித்து, மொட்டையடித்து, ஏரியில் முக்கிக் குளிப்பாட்டி, பயிற்சி முகாமில் அடைத்தது. பிள்ளைகளைத் திருத்துவதற்காக என்றார்கள் அதிகாரிகள்.

மொட்டையடித்துத் திருத்தும் ஆசை தமிழ்நாட்டிலும் தெரிந்ததே. 2019 வாக்கில் வட சென்னையிலிருந்து பரவிய ‘புள்ளிங்கோ’ கோலம் இந்த வரலாற்றோடு நேராகப் பொருந்துகிறது. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே நீள விட்டுச் செம்பட்டை ஏற்றிய முடி, காலோடு ஒட்டிய பேண்ட், வேகமான பைக், கானாப் பாட்டு. கானா தொழிலாளர் குடியிருப்புகளில் பிறந்த இசை. இந்தக் கோலத்தைச் சூடியவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட, உழைக்கும் வீட்டுப் பையன்கள். இணையத்தில் இவர்களைக் கேலி செய்தவர்கள் முடியைப் பற்றிப் பேசுவதுபோல் சாதியையும் சேரியையும் பேசினார்கள். பள்ளிகள் சிலவற்றில் முடிதிருத்துநரை வரவழைத்து மாணவர் தலையை வெட்டிவிட்டார்கள்; இந்த வெட்டு வெட்டாதீர்கள் என்று சலூன்களுக்குச் சொல்லப்பட்டது. பைக்கை ஆபத்தாக ஓட்டுவது தவறு, அதற்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. முடியின் நிறத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆங்கிலப் பள்ளியின் வசதியான பிள்ளை அதே நிறத்தைப் பூசிக்கொண்டால் அது ஃபேஷன் எனப்படுகிறது.

இணையம் சேரும் முறையை மாற்றியிருக்கிறது. 2000களில் எமோ என்ற இசைத் துணைப்பண்பாட்டின் பிள்ளைகள் மைஸ்பேஸ் தளத்தில் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். இன்று பக்கத்துத் தெருவில் ஒருவரும் இல்லாத சிற்றூர்ப் பிள்ளையும் கைப்பேசியில் தன் இனத்தைக் கண்டடைய முடிகிறது. தனிமையில் தவித்த பிள்ளைக்கு இது பெரிய வரம். மறுபக்கம், டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கோலங்கள் சில மாதங்களில் பிறந்து தேய்கின்றன. நகலெடுத்த இதழை விற்கவோ தொலைவூர் நிகழ்ச்சிக்குப் பேருந்து ஏறவோ தேவையில்லை. உடையை ஒரு தட்டலில் வாங்கிக்கொள்ளலாம். பங்கிடம் இருந்த செய்து பார்க்கும் பகுதி இதில் மெலிந்திருப்பது உண்மையான இழப்பு. தானே தைத்து, தானே இசையமைத்து, தானே படம் வெட்டி ஒட்டும் பிள்ளைகள் இணையத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பழைய வழியின் வாரிசுகள்.

இப்பருவம் கடந்தபின் என்ன ஆகிறது என்பதைப் பலகாலம் யாரும் ஆராயவில்லை. வயது ஏறினால் கழன்றுவிடும் என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது உண்மைதான். ஆனால் கோத்களை 2002இல் நூலாக எழுதிய பால் ஹோட்கின்சன், பிறகு அதே பண்பாட்டில் முப்பதும் நாற்பதும் தாண்டியவர்களைத் தேடிப் போனார். ‘டிராகுலா’ நாவலின் ஒரு பகுதி நிகழும் விட்பி என்ற கடலோர ஊரில் 1994 முதல் கோத் விழா நடந்துவருகிறது. அங்கே கறுப்பு உடையில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். அலுவலகத்துக்காக முகப்பூச்சைக் குறைத்துக்கொண்டார்கள், வாரந்தோறும் நடனக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள், நிகழ்ச்சிகளின் நேரத்தையும் தங்குமிடத்தையும் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். பதினாறு வயதில் கிடைத்த நண்பர்களோடு உறவு தொடர்கிறது. பலருக்கு வாழ்க்கைத் துணையும் அங்கேதான் அமைந்தது.